ஆலைக்கரை கிளப்பின் கடைசி ஆட்டத்தை முடித்துவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி இசபெல் ஹிஸ்லப்
(பிறந்த வீட்டுப் பெயர் பர்டம்),
நெசவாளர் சந்து, ஆலைக்கரை,
கிரேஷீல்.

பெறுநர்:
மாண்புமிகு நகரத் தலைவர்
திரு. நினியன் பிரைடன் அவர்கள்,
நகர மன்றம், சந்தைக்கரை,
கிரேஷீல்.

பொருள்: மார்லன் ஆற்றோர மைதானம் – ஆலைக்கரை ரக்பி கிளப்புக்கும் சந்தைக்கரை ரக்பி கிளப்புக்கும் இடையே 1887 பிப்ரவரியில் தொடங்கிய ஆட்டம் இன்றுவரை முடித்துவைக்கப்படாமல் இருப்பது – தாங்கள் நேரில் வந்து முடித்துவைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மைதான வாசலில் ஒட்டப்பட்டுள்ள நகர மன்ற அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்பில், "பல ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன ஆலைக்கரை ரக்பி கிளப்பின் உரிமையாளரற்ற மைதானத்தில்" நகர மன்றம் தொழிலாளர் வீடுகள் கட்ட இருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் கண்டுள்ளது. வீடுகள் கட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. தாராளமாகக் கட்டுங்கள். ஆலைக்கரையில் ஒரே அறையில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், ஒரு தையல் இயந்திரம் என்று இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். என் ஆட்சேபணை "கலைந்துபோன" என்ற ஒரே சொல்லுக்குத்தான். ஐயா, அந்தக் கிளப் கலையவில்லை. அது இன்னும் இரண்டாம் பாதி ஆட்டத்தில் இருக்கிறது.

2. இதை நேரில் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன்னறையில் உட்கார்ந்திருந்த எழுத்தர், மேசையில் இருந்த பன்னைத் தின்றுகொண்டே, "ஏம்மா, அந்த கிளப்பு செத்துப் போயி எத்தனையோ வருஷமாச்சு. செத்ததுக்கு யாராவது மனு குடுப்பாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செத்தவர்களுக்காக நான் மனு கொடுக்க வரவில்லை என்பதை இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் கிடியன் ஹிஸ்லப் உயிரோடு இருக்கிறார். அவருக்காகத்தான் இந்த மனு.

3. தாங்கள் சந்தைக்கரையில் பிறந்தவர், வயதிலும் என்னைவிட இளையவர் என்பதால், கிளப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1873-ல் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். ஆலையில் மீந்துபோன சாம்பல் நிறக் கம்பளி நூலில்தான் சட்டைகள் பின்னப்பட்டன. நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை. அந்தச் சட்டைகளைத் துவைத்தவர்கள் என் அம்மாவும் நானும். அப்போது ஒரு பக்கத்துக்கு இருபது பேர் ஆடுவார்கள். பிறகு விதி மாறி, பதினைந்து பேர்தான் என்று ஆனது. வெளியே நிறுத்தப்பட்ட ஐந்து பேரும் வீட்டுக்குப் போகவில்லை. "விதி மாறினா எங்களுக்கென்ன, நாங்க மாறலையே" என்று சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். மழையிலும் நின்றார்கள். எங்கள் கரைக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

4. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சந்தைக்கரை கிளப். வருடத்தில் இரண்டு கிளப்பும் மோதும் ஆட்டம் ஒன்றுதான். அந்த ஆட்டத்துக்கு மட்டும் இரு கரையும் நம்பக்கூடிய நடுவர் கிடைக்கமாட்டார். ஆகவே அந்த ஆட்டத்துக்கு நகரத் தலைவர் பதவியில் இருப்பவர்தான் நடுவர் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆள் யார் என்பது முக்கியமில்லை, பதவிதான் முக்கியம். ஒரு வருடம் நகரத் தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரருக்கு ரக்பியே தெரியாது; அவரும் நடுவராக நின்றார், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 1887-ல் அந்தப் பதவியில் இருந்தவர் தங்கள் தகப்பனார் திரு. எபனேசர் பிரைடன் அவர்கள். அவர் கையில் இருந்த வெள்ளி விசில், இன்று நகர மன்றக் கூடத்தில் அவர் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைத் தாங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள்.

5. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. முதல் பாதியில் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது, பிறகு கோல் கம்பங்கள், பிறகு ஆட்டக்காரர்களே மறைந்தார்கள். நான் கோட்டுக்கு வெளியே என் தம்பி ஆடம் பர்டத்தின் மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆலைக்கரையில் அவனைவிட வேகமாக ஓடுகிறவன் இல்லை. இதைத் தமக்கையாகச் சொல்லவில்லை, சந்தைக்கரைக்காரர்களும் ஒப்புக்கொண்டதுதான்.

6. பந்து ஆடமின் கைக்கு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பேரை உதறிவிட்டு அவன் ஆற்றுப் பக்கக் கோல் கோட்டை நோக்கி ஓடினான். பனிக்குள் போனான். அங்கிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அவ்வளவுதான்.

7. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால்தான் அது கணக்கில் சேரும் என்பது தாங்கள் அறிந்ததே. வைத்தானா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. எங்கள் தலைவர் ஹெக்டர் மெயின், "வெச்சுட்டான்! அந்தச் சத்தத்தைக் கேட்டீங்கல்ல? அது ஜெயிச்சவன் சத்தம்!" என்று குதித்தார். சந்தைக்கரைத் தலைவர் சைமன் டாட்ஸ், "போய்யா, அது வழுக்கி விழுந்தவன் சத்தம். பந்து கைய விட்டுப் போயிருக்கும்" என்றார். இரண்டு பக்கத்து ஆட்களும் மார்போடு மார்பு முட்டிக்கொண்டு நின்றார்கள். விதிப் புத்தகம் கொண்டுவரச் சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். அது ஜெயித்தவன் சத்தமா, விழுந்தவன் சத்தமா என்று இரண்டு கரையும் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

8. எனக்குத் தோன்றியது. நான் உள்ளே போய், "ஆடம் எங்க? அவன் இன்னும் வரலையே?" என்று கேட்டேன். ஹெக்டர் மெயின் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இரும்மா, பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்றார். மறுபடி கேட்டேன். வேறொருவர், "அவன் எங்க போயிடப் போறான், பந்தோட வருவான்" என்றார். ஆறு அன்று பெருக்கெடுத்து ஓடியது. கோல் கோட்டுக்கும் கரைக்கும் இடையே எவ்வளவு கொஞ்ச இடம் என்று அந்த மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

9. தங்கள் தகப்பனார் நேர்மையான மனிதர். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவர் ஒப்பவில்லை. முந்தின வருடம் ஓர் ஆட்டத்தில், தான் பந்தைச் சரியாக வைக்கவில்லை என்று ஆடமே நடுவரிடம் போய்ச் சொல்லி, அதனால் நாங்கள் தோற்றிருக்கிறோம். அதை மனதில் வைத்து அவர் சொன்னார்: "பர்டம் பொய் சொல்ற பையன் இல்ல. அவன் வரட்டும். அவன் வாயாலேயே கேட்டுத் தீர்ப்புச் சொல்றேன்." இரண்டு பக்கமும் சரி என்றது. அவருக்கு மூட்டுவலி. குளிரில் நிற்க முடியாமல், "அவன் வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆட்டம் முடிந்தது என்று சொல்லவும் இல்லை, ஊதவும் இல்லை. அவர்மேல் எனக்குக் குறை இல்லை என்று முன்பு பலமுறை சொல்லியிருக்கிறேன். அது முழுவதும் உண்மையில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

10. ஆடமை மறுநாள் காலை ஆலை அணையில் எடுத்தார்கள். பந்து கிடைக்கவே இல்லை.

11. இரண்டு அணியும் சேர்ந்துதான் அவனைத் தூக்கிச் சென்றது. சைமன் டாட்ஸ் சவப்பெட்டியின் முன்பக்கக் கயிற்றைப் பிடித்து இறக்கினார், அழுதார். குழி மூடிவிட்டுத் திரும்பும்போது, கல்லறை வாசலிலேயே, "இருந்தாலும் வெச்சானா இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி ஆரம்பித்தது. என் அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து, பதினைந்து சாம்பல் சட்டைகளையும் ஊறவைத்தார்.

12. அதற்குப் பிறகு ஆலைக்கரை கிளப் ஆடவில்லை. அறிவிப்பை எழுதியவர், ஆள் இல்லாமலோ மனம் இல்லாமலோ கிளப் அழிந்தது என்று நினைத்திருக்கலாம். அப்படியில்லை. செயற்குழு கூடியது. ஹெக்டர் மெயின் எழுந்து, "ஒரு ஆட்டம் முடியாம இன்னொரு ஆட்டத்துக்கு எப்படிய்யா எறங்குறது? பந்து இன்னும் ஆட்டத்துல இருக்கு. நடுவர் இன்னும் ஊதல" என்றார். அத்தனை பேரும் கைதூக்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இதே தீர்மானம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "சரி, அவன் வெக்கலைன்னு நீங்க விட்டுக்குடுங்களேன்" என்று எங்களிடமும், "வெச்சான்னு நீங்க ஒத்துக்கங்களேன்" என்று அவர்களிடமும் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். யார் விடுவார்கள்? இளையவர்கள் வேறு ஊர் கிளப்புகளுக்கு ஆடப் போனார்கள். சட்டைகளை எங்கள் வீட்டு அலமாரியில் மடித்து வைத்தோம்.

13. அடுத்த குளிர்காலத்தில் நான் கிடியன் ஹிஸ்லப்பை மணந்தேன். அவர் எங்கள் அணியின் கடைசித் தடுப்பாளர். ஆற்றுக்கு எதிர்ப்பக்கக் கோட்டருகே தனியாக நிற்பவர். ஆடமின் நண்பர். கல்யாணமான முதல் பனிநாளில், மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே என்று கேட்டேன். "பனி எறங்கியிருக்கு. ஆட்டம் நடக்கும்" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பனிக்குள் இரண்டு அணி ஆட்களும் அவரவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பந்து இல்லை, ஓட்டம் இல்லை, பேச்சு இல்லை. சும்மா நின்றார்கள். பனி கலைந்ததும் கலைந்தார்கள். ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசியது கிடையாது.

14. இப்படியே வருடங்கள் போயின. சிலர் கனடாவுக்குப் போனார்கள், சிலர் போரில் போனார்கள், பலர் படுக்கையில் போனார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் மைதானத்தில் ஆள் குறைந்தது. கடைசியில் இரண்டே பேர்: இந்தக் கோடியில் என் வீட்டுக்காரர், அந்தக் கோடியில் கைத்தடியோடு சைமன் டாட்ஸ். தெருவில் எதிரே வந்தாலும் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். போன குளிர்காலத்தில் சைமன் டாட்ஸும் இறந்தார். சவ வண்டி பாலத்தைக் கடக்கும்போது என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இனியாவது விட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

15. அடுத்த பனிக்கு அவர் மறுபடி போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு சந்தோஷம். கணப்புப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "சைமன் இன்னிக்கு என்னமா ஓடுறான் தெரியுமா! கால்வலியெல்லாம் போயிடுச்சு போல."

16. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்கள் எழுத்தர் சொல்லக்கூடும். இல்லை. அவர் வளர்த்த லீக்ஸ் வெங்காயத்தாள் இந்த வருடம் தோட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அந்தப் பரிசைத் தாங்களே கொடுத்தீர்கள். டொமினோ ஆட்டத்தில் அவரை ஜெயிக்க ஆலைக்கரையில் ஆள் இல்லை. பனி இல்லாத நாளில் அவரைப்போலத் தெளிவான மனிதர் கிடையாது. "ஏன் போறீங்க, எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களே" என்று ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன். "அதனாலதான் போறேன்" என்றார். "எல்லாரும் வந்து நிக்கிறாங்க இசபெல். நான் மட்டும் வீட்டுல உக்காந்தா நம்ம பக்கம் ஒரு ஆள் குறையும்ல? கடைசிக் கோட்டுல யார் நிப்பா?" என்று கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

17. நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். சென்ற மார்ச்சில் அவரைக் கூட்டிவரப் பனிக்குள் போனேன். என் பக்கத்தில் யாரோ ஓடிப்போன காற்று என் சால்வையைத் தூக்கியது. நனைந்த கம்பளி வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் துவைத்தேன்! தரையில் புல் ஒரு வரிசையாக மடிந்துகொண்டே போனது, ஆற்றுப் பக்கம். மூச்சு வாங்கும் சத்தம், கால் பதியும் சத்தம், "இங்க குடு, இங்க குடு" என்கிற குரல். அதில் ஹெக்டர் மெயினின் குரலை நான் அடையாளம் கண்டேன். அவர் இறந்தபோது நான்தான் அவர் மனைவிக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

18. பாதிரியாரிடம் போனேன். அவர் சந்தைக்கரைக்காரர், இருந்தாலும் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்டத் தகராறுல கர்த்தர் தலையிட மாட்டாரும்மா" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "ஆனா அந்தப் பையன் பந்தை வெக்கல" என்றும் சொன்னார். அவர் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

19. ஆகவே நானே ஒரு காரியம் செய்தேன். காவலரிடம் அவருடைய விசிலை இரவல் வாங்கிக்கொண்டு, அடுத்த பனிநாளில் மைதான நடுவில் போய் நின்று பலங்கொண்டமட்டும் ஊதினேன். ஐயா, அத்தனையும் நின்றது. ஓட்டம் நின்றது, மூச்சு நின்றது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. என்னைச் சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது தூரத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல்: "அது நடுவர் இல்லப்பா. ஆடுங்க, ஆடுங்க." மறுபடி ஓட்டம் தொடங்கியது. அவர்கள் விசிலுக்குக் கட்டுப்படுகிறவர்கள் என்பதை அன்று அறிந்தேன். அதிகாரம் உள்ளவர் ஊதினால் நிற்பார்கள். அந்த அதிகாரம் இந்த ஊரில் தங்கள் ஒருவருக்குத்தான் உண்டு.

20. எனக்கு அவசரம் ஏன் என்றால்: என் வீட்டுக்காரருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ஆலையின் கம்பளித் தூசி நெஞ்சில் ஏறி, படி ஏறினாலே மூச்சு இழுக்கிறது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இன்னொரு தடவ அந்தப் பனில நனைஞ்சார்னா நெஞ்சு தாங்காதும்மா. பிடிச்சு வைங்க" என்றார். எப்படிப் பிடித்துவைப்பது? கதவைப் பூட்டினேன், ஜன்னல் வழியாக இறங்கினார். சட்டையை ஒளித்துவைத்தேன், வெறும் பனியனோடு போனார், அது இன்னும் மோசம். நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். நகர மன்றம் அங்கே வீடு கட்டினால் அவர் யாருடைய சமையலறையிலாவது போய் நிற்பார். ஆட்டத்தை முடித்தால் ஒழிய அவர் வீட்டுக்கு வரமாட்டார். அவர் எனக்கு வேண்டும் ஐயா. என் தம்பியை அந்த மைதானத்துக்குக் கொடுத்துவிட்டேன். இவரையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

21. தீர்ப்பு இல்லாமல் ஆட்டத்தை முடிக்க முடியாது, தீர்ப்புக்கு ஆடம் வர வேண்டும் என்று தங்கள் தகப்பனார் சொல்லிப்போன சிக்கல் இருக்கிறது. அதற்காக, இதுவரை யாரிடமும், என் வீட்டுக்காரரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஆடமைக் குளிப்பாட்டியவர்கள் அம்மாவும் நானும். அவனுடைய வலது கை இறுக மூடியிருந்தது. அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளே புல்லும் மண்ணும் இருந்தன. நகக்கண்ணெல்லாம் மண். பந்தைத் தரையில் அழுத்தி வைத்தபோது பிடித்த புல்லா, கரையைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது பிடித்த புல்லா என்று எனக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே புல்தான் வளர்கிறது. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்து மார்மேல் வைத்தோம். வெளியே சொல்லியிருந்தால், அந்தக் கையை மதுக்கடை மேசைமேல் வைத்து இரண்டு கரையும் வாதாடியிருக்கும். என் தம்பியின் கை எதற்கும் சாட்சியாக வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

22. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தார் தாமாக விட்டுக்கொடுத்தால் நடுவர் அதை ஏற்கலாம் என்பது அந்தக் காலத்து விதி. எங்கள் தலைவர் இல்லை, செயற்குழு இல்லை. மீதியிருக்கும் ஒரே உறுப்பினர் என் வீட்டுக்காரர். அவர் உயிரே போனாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். பெண்களைக் கிளப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முதல் ஆட்டத்திலிருந்து அந்தச் சட்டைகள் எங்கள் வீட்டுத் தொட்டியில்தான் வெளுத்தன. இன்றும் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. அந்த உரிமையிலும், ஆடம் பர்டத்தின் கூடப்பிறந்தவள் என்ற உரிமையிலும், ஆலைக்கரை கிளப் சார்பாக நான் விட்டுக்கொடுக்கிறேன். என் தம்பி பந்தை வைக்கவில்லை. அவன் கீழே விழுந்தான். ஆட்டம் சமன் என்றோ, சந்தைக்கரைக்கு வெற்றி என்றோ, தங்களுக்கு எது சரியாகப் படுகிறதோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள். இது வெளியே தெரிந்தால் ஆலைக்கரையில் எனக்கு ஒரு கைப்பிடி உப்புகூட இரவல் கிடைக்காது. பரவாயில்லை.

23. ஆகவே ஐயா, கீழ்க்கண்டவாறு செய்தருளுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பனி எப்போது இறங்கும் என்று என்னால் தேதி சொல்ல முடியாது. ஆலைப் புகைபோக்கி கண்ணுக்கு மறைந்ததும் ஆள் அனுப்புகிறேன். தாங்கள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளி விசிலை எடுத்துக்கொண்டு, தங்கள் பதவிச் சங்கிலியைக் கழுத்தில் அணிந்து வர வேண்டும். நடுவில் நின்று ஊத வேண்டும். எல்லாம் நின்ற பிறகு, தங்கள் தகப்பனார் அன்று சொல்லாமல் விட்டதை, ஆட்டம் முடிந்தது என்பதை, இரு கரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு தொப்பியைக் கழற்றுங்கள், போதும். பேச்சு எதுவும் வேண்டாம். பனியிலிருந்து ஒரே ஒரு கிழவர் வெளியே வருவார். அவர் தோளில் போடக் கம்பளியோடு நான் வாசலில் நிற்பேன். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வருவதுபோலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். எண்ணவும் வேண்டாம். அவர்களும் வெகுநேரமாக வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள்தான்.

24. கடைசியாக ஒன்று. என் வீட்டுக்காரர் தங்களைப் பார்த்ததும், யாருக்கு வெற்றி என்று நிச்சயம் கேட்பார். தயவுசெய்து தாங்கள் பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஆடம் பந்தை வைத்துவிட்டான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இடம்: கிரேஷீல், ஆலைக்கரை.
நாள்: 14 நவம்பர் 1932.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கல்ல, வருகைக்குக் காத்திருக்கும்

(ஒப்பம்)
இசபெல் ஹிஸ்லப்